கடைசிச் சட்டை

கரடியூர்,
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அபிஷாவுக்கு,

இங்கு நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேச முயன்றேன். காது மெஷினை மாட்டினால் போன் கூவுகிறது. கழற்றினால் ஒன்றுமே கேட்பதில்லை. ஆகவே கடிதம்.

ஷெர்வினின் கண்ணாடிப் பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். நீ அதை எடுத்துப் போகவில்லை. மறந்துவிட்டாயா, வேண்டாமென்று வைத்துவிட்டாயா என்று தெரியவில்லை. அன்றே கேட்டிருக்கலாம். அவன் இறந்த வருஷ நினைவுத் திருப்பலிக்கு மறுநாள் காலை நீ பாலகுமாரின் வாடகை ஜீப்பில் ஏறியபோது நான் உள் அறையில் இருந்தேன். ஜீப் கிளம்பிய அதிர்வு தரையில் தெரிந்தது.

பெட்டியின் அடியில் கிடந்த முட்டைகளில் மூன்று பொரிந்திருக்கின்றன. முதலில் நூல் பிசிறு என்று நினைத்துத் துடைக்கப் போனேன். நல்ல வேளை, அதில் ஒன்று காலெடுத்து நடந்தது. குச்சிப்பூச்சிகள் கொய்யா இலை தின்னும் என்று அவன் சொன்ன ஞாபகம். வைத்தேன், தின்கின்றன.

நான் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். 'பூச்சிக்கு எலும்பு வெளியே இருக்கிறது. அது கூடவே வளராது. ஆகவே வளர வேண்டுமானால் அதைக் கழற்றியாக வேண்டும்' என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். அது கழற்றுவதை ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. போன வாரம்தான் பார்த்தேன். இரண்டு நாள் தின்னாமல் இருந்தது. பிறகு இலையின் அடிப்பக்கம் தலைகீழாகத் தொங்கியது. முதுகு பிளந்து முதலில் தலை வந்தது. பிறகு, ஸ்வெட்டர் கையிலிருந்து நம் கையை உருவுவதுபோல, ஒவ்வொரு காலாக உருவியது. வெளியே வந்ததும் வெளிறிப்போய், ஈரமாக, பழையதைவிட நீளமாக இருந்தது. அவ்வளவு நீளமும் அந்தச் சின்னத் தோலுக்குள் எப்படி மடங்கி இருந்ததோ. கொஞ்ச நேரம் சும்மா தொங்கிவிட்டு, திரும்பி, தான் கழற்றிய தோலையே தின்றது.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததாகவே இருக்கலாம். பெட்டியை என்ன செய்யட்டும் என்று கேட்கத்தான் எழுதத் தொடங்கினேன்.

அன்புடன்,
கிறிஸ்துதாஸ்


கருங்கல்,
2 அக்டோபர் 2025

அன்புள்ள மாமா,

கடிதம் வந்தது. ஒரு தாள் முழுக்கப் பூச்சி. என்னைப் பற்றி ஒரு வரி: நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நலமா என்று எனக்கே தெரியவில்லை மாமா. இங்கே ஒரு மருந்துக்கடையில் சேர்ந்திருக்கிறேன். காலையில் போகிறேன், மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கிறேன், வீட்டுக்கு வருகிறேன், சாப்பிடுகிறேன். பசிக்கத்தான் செய்கிறது. அழுகை வருவதில்லை. "அழுது தீத்திரு மக்களே" என்கிறாள் அம்மா, அரிசிச் சாக்கைக் காலி பண்ணச் சொல்வதுபோல.

பெட்டியை நான் மறக்கவில்லை. வைத்துவிட்டு வந்தேன். இரவு முழுக்கப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வர முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. காபிச் செடிக்குள் நடந்துவிட்டு வந்து, தன் காலரில் ஒட்டியிருந்த பூச்சியை எடுத்து, "கை நீட்டு, பயப்படாதே" என்று உங்கள் மகன் சொல்வார். பெட்டியைப் பார்த்தால் அது ஞாபகம் வரும் என்று விட்டுவிட்டு வந்தேன். இங்கே வந்த பிறகும் ஞாபகம் வருகிறது. வந்தால் ஒன்றும் ஆவதில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னத்தை நாமே கிள்ளிப் பார்ப்போமே, அதுபோல.

பூச்சிகளைக் காபிச் செடியில் விட்டுவிடுங்கள்.

நீங்கள் உள் அறையில் இருந்தது எனக்குத் தெரியும். கதவுக்குக் கீழே உங்கள் செருப்பு தெரிந்தது.

அபிஷா


கரடியூர்,
29 அக்டோபர் 2025

அன்புள்ள அபிஷாவுக்கு,

செருப்பு தெரியும் என்று நான் நினைக்கவில்லை. கதவை ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தேன். வெளியே வந்து என்ன சொல்வது என்று யோசித்தேன். 'பத்திரமாகப் போய் வா' என்பதா, வெறும் 'போய் வா' என்பதா. அதற்குள் ஜீப் போய்விட்டது.

நீ சொன்னபடி விட்டுவிடத்தான் நினைத்தேன். மழை பிடித்துக்கொண்டது. மழையில் விட்டால் செத்துப்போகும் என்று தள்ளிப்போட்டேன். பெட்டிக்குள்ளேயே இரண்டு செத்துப்போயின. ஒன்று தோலுரிக்கும்போது கீழே விழுந்துவிட்டது. தொங்குவதற்குத் தன் நீளத்தைப்போல இரண்டு மடங்கு இடம் வேண்டும்; நான் கிளையை அடர்த்தியாக வைத்துவிட்டேன். விழுந்த கோணத்திலேயே அதன் உடம்பு இறுகி, வளைந்தே இருந்தது. இலையைக்கூட அதனால் எட்ட முடியவில்லை. இன்னொன்று ஏன் செத்தது என்று தெரியவில்லை. மிச்சம் ஒன்று.

சாந்தாமேரி அக்கா ஞாயிறுதோறும் குழம்பு கொண்டுவருகிறாள். நான் பெட்டிமுன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "ஏண்டா தாசு, ஊட்ல பேச ஆளில்லீன்னு பூச்சிகூடக் குடும்பம் நடத்தறயாக்கும்?" என்றாள்.

"இல்லீங்க்கா, தோலுரிக்குதான்னு பாக்கறேன்."

"உரிச்சா என்ன, உரிக்காட்டி என்ன? நீ மொதல்ல அந்த ஸ்வெட்டரக் கழட்டித் தொவைக்கப் போடு. நொம்ப நாத்தம் அடிக்குது."

துவைத்தேன். மிச்சமுள்ள பூச்சியை விடட்டுமா, வைத்திருக்கட்டுமா?

கிறிஸ்துதாஸ்


கருங்கல்,
20 நவம்பர் 2025

அன்புள்ள மாமா,

பூச்சி இருக்கட்டும். வேறொன்று சொல்ல வேண்டும். போனில் சொன்னால் நீங்கள் "ஆங்?" என்று கேட்பீர்கள். இன்னொரு முறை சத்தமாகச் சொல்லக்கூடிய விஷயமில்லை இது.

எனக்கு ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. ரஞ்சித் என்று பெயர். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறார். அவருடைய மனைவி பிரசவத்தில் இறந்துபோனார். குழந்தையும் இல்லை. இரண்டு முறை கடைக்கு வந்து பேசினார். அதிகம் பேசுகிறவரில்லை. "எனக்கு இப்போது எதுவுமே தோன்றுவதில்லை" என்று சொன்னேன். "எனக்கும் அப்படித்தான் இருந்தது, பிறகு கொஞ்சம் தோன்றியது" என்றார். அதைக் கேட்டுத்தான் சரி என்றேன். வேறு காரணம் இருந்தால் உங்களுக்கு எழுதியிருப்பேன்.

என் பெயர் இன்னமும் ஏற்காடு பங்குக் கோயிலில்தான் இருக்கிறது. அங்கே மூன்று ஞாயிறு பூசையில் எங்கள் கல்யாண ஓலை வாசித்து, தடை ஏதுமில்லை என்று உங்கள் பங்குச் சாமியார் எழுதிக் கொடுத்தால்தான் இங்கே தாலி கட்ட முடியும். தவக்காலம் வந்தால் கல்யாணம் கிடையாது, அதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்கிறார்கள். பிப்ரவரி ஒன்பதாம் தேதி குறித்திருக்கிறார்கள். விண்ணப்பமும் உங்கள் மகனுடைய இறப்புச் சான்றிதழும் இதோடு வைத்திருக்கிறேன். குடும்பத்தில் ஒருவர் நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமாம். அங்கே எனக்குக் குடும்பம் நீங்கள்தான்.

உங்களுக்குத் தடை இருந்தால் எழுதுங்கள், நிறுத்திவிடுகிறேன். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் இருந்த நான்கு வருடத்தில் உங்கள் பேசாமைக்கு என்ன அர்த்தம் என்று நான் ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை.

அபிஷா


கரடியூர்,
10 டிசம்பர் 2025

அன்புள்ள அபிஷாவுக்கு,

மழை விட்டுவிட்டது. குளிரும் வறட்சியும் தொடங்கிவிட்டன. எஸ்டேட்டில் காபிப் பழம் பறிக்க ஆட்கள் இறங்கியிருக்கிறார்கள்.

பூச்சிக்கு ஒரு விபத்து. பெட்டிக்குள் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். காற்று காய்ந்திருந்தால் பழைய தோல் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். சில நாள் தெளிக்க மறந்துவிட்டேன். பிறகு ஒரு காலை பார்த்தபோது பாதி வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. வலது பின்னங்கால் பழைய தோலுக்குள் மாட்டியிருந்தது. இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் செய்யாமல் இருப்பதே எப்போதும் என் வழக்கம். இந்த ஒருமுறையாவது செய்வோம் என்று தோன்றியது. இடுக்கியை எடுத்துப் பழைய தோலின் நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். கால் தோலோடு வந்துவிட்டது.

சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. பூச்சி இறந்துவிடும் என்று நினைத்தேன். இல்லை. மற்ற ஐந்து காலோடு மேலே ஏறிக்கொண்டது.

அடுத்த முறை தோலுரிக்கும்போது அந்த இடத்தில் புதிய கால் முளைக்கலாம் என்று நான் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆனால் உரிப்பதற்குத் தோல் மிச்சமிருந்தால்தான். கடைசியாக ஒருமுறை உரித்து முழுப்பூச்சி ஆகிவிட்டால் பிறகு உரிக்காது, இழந்தது இழந்ததுதான். இதற்கு இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது என்று நினைக்கிறேன். என் கணக்கு தப்பாகவும் இருக்கலாம்.

உன் கடிதம் கிடைத்தது.

கிறிஸ்துதாஸ்


கருங்கல்,
17 டிசம்பர் 2025

மாமா,

'உன் கடிதம் கிடைத்தது.' நானும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது இருக்குமோ என்று.

நான் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். நீங்கள் பூச்சியின் காலைப் பற்றி எழுதுகிறீர்கள். அதில் எனக்கு ஏதோ சொல்கிறீர்கள் என்று நான் புரிந்துகொள்ள வேண்டுமா? புதுத் தோல், பழைய தோல், இதெல்லாம் நானா? தயவுசெய்து என்னைப் பூச்சி ஆக்காதீர்கள். நான் எதையும் உரித்துப்போடவில்லை. எல்லாம் என்மேல் அப்படியேதான் இருக்கிறது. அதற்கு மேலேயே இன்னொரு சேலை கட்டப்போகிறேன், அவ்வளவுதான்.

உங்களால் முடியாது என்றால் சாந்தாமேரி அத்தையிடம் கேட்கிறேன். அவர்கள் திட்டுவார்கள். திட்டினால் தடை என்று தெரிந்துகொள்வேன்.

என் மனசு கல்லாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் காலைப் பற்றிப் படித்தபோது கடையில் ஒரு கிழவருக்கு மாத்திரையைத் தப்பாக எடுத்துக் கொடுத்துவிட்டேன். பின்னாலேயே ஓடிப்போய் வாங்கி மாற்றினேன்.

அபிஷா


கரடியூர்,
28 டிசம்பர் 2025

அன்புள்ள அபிஷாவுக்கு,

அத்தையிடம் கேட்க வேண்டாம். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன்.

உன்னைப் பூச்சியாக நினைத்து நான் எழுதவில்லை. எனக்கு நடந்தது அதுதான், அதை எழுதினேன். தெளிக்க மறந்தது உன் கடிதம் வந்த வாரம். அதை எழுதியிருக்க வேண்டும்.

மூன்று முறை கோயில் வரை போனேன். முதல் இரண்டு முறை கேட்டோடு திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை என்னை ஏற்றி வந்த பாலகுமார் ஜீப்பை நிறுத்திவிட்டு, "ஏனுங்க சார், கோயிலுக்கு வந்தா உள்ள போகோணும். கேட்டத் தொட்டுட்டு வர்றேன்னு நேர்ச்சையாங்க?" என்றான். பின்னால் இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் முன்னால் மறுபடி ஏற வெட்கமாக இருந்ததால் உள்ளே போனேன். தைரியத்தால் போகவில்லை.

சாமியார் படித்துப் பார்த்தார். "உங்க மருமகளுங்களா சார்?"

"ஆமாங்க."

"உங்களுக்குச் சம்மதம்தானுங்களே?"

"சர்டிபிகேட்டும் வெச்சிருக்குதுங்க, பின்னாடி" என்றேன்.

அவர் அதையும் புரட்டிப் பார்த்தார். பிறகு தேதி எழுதிக்கொண்டார். ஜனவரி 4, 11, 18. நீ கேட்ட கேள்விக்கு அவரிடமும் நான் பதில் சொல்லவில்லை என்று திரும்பி வரும்போதுதான் உறைத்தது. எனக்கு என்ன தோன்றுகிறது என்று தேடிப் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை. கோபம் இல்லை, வருத்தம் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ மரத்துப்போயிருக்கிறது. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று எழுத எனக்கு வரவில்லை. அதனால்தான் பேசாமல் இருந்தேன். உனக்கு அது போதாது என்று புரிகிறது.

பூச்சி நன்றாகத் தின்கிறது. கால் போன இடத்தில் சின்னப் புடைப்பு ஒன்று தெரிகிறது.

கிறிஸ்துதாஸ்


கருங்கல்,
6 ஜனவரி 2026

அன்புள்ள மாமா,

கொடுத்துவிட்டீர்கள் என்பதே போதும். நேற்று முன்தினம் இங்கேயும் முதல் ஓலை வாசித்தார்கள். என் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற ஷெர்வின் அவர்களின் மனைவி' என்று வந்தது. ரஞ்சித்தின் பெயருக்கு முன்னாலும் அப்படி ஒரு பெயர் வந்தது. நாங்கள் நால்வர் கல்யாணம் செய்வதுபோல இருந்தது. சிரிப்பு வந்தது. வெகு நாளுக்குப் பிறகு.

அங்கே என்ன பேசுகிறார்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

நீங்கள் கல்யாணத்துக்கு வருவீர்களா? வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வந்தால் முன்வரிசையில் ஒரு நாற்காலி இருக்கும். ரஞ்சித்தும் கேட்டார். "அவங்கள அப்பான்னு கூப்பிடணுமா, மாமான்னா?" என்றார். உங்களிடமே கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அபிஷா


கரடியூர்,
19 ஜனவரி 2026

அன்புள்ள அபிஷாவுக்கு,

மூன்று ஓலையும் முடிந்தது. சாமியாரின் கடிதம் இதோடு இருக்கிறது. முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன்.

மறைக்காமல் எழுதச் சொன்னாய். முதல் ஞாயிறு நான் காது மெஷினைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். பூசை முடிந்து படியில் இறங்கும்போது சாந்தாமேரி அக்கா என் கையைப் பிடித்து, எனக்குக் கேட்கும்படி, அதாவது ஊருக்கே கேட்கும்படி, "மாமனாரே ஓலைக்குக் கடுதாசி கொண்டாந்து குடுத்தானாம்! இத எங்க போயிச் சொல்லறது? பையன் சட்ட இன்னும் ஊட்ல ஆணியில தொங்குது" என்றாள். நான் கையை விடுவித்துக்கொண்டு ஜீப்புக்கு நடந்தேன்.

இரண்டாம் ஞாயிறு மெஷினைக் கழற்றவில்லை. உன் பெயரும் ஷெர்வின் பெயரும் கேட்டன. 'தடை ஏதேனும் அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்' என்று வாசித்தபோது முன்னால் இருந்தவர்கள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் ஒருவர் இன்னொருவரிடம், "பேசாம இருக்கறாரு பாருங்க. அவருக்கு இஷ்டமில்லீங்க, பாவம்" என்றார். நீ எழுதியது எனக்கு ஞாபகம் வந்தது. என் பேசாமையை எடுத்து அவரவர் விரும்பிய அர்த்தத்தை வைத்துக்கொள்கிறார்கள். இப்போது அதை உனக்கு எதிராக வைக்கிறார்கள்.

நேற்று மூன்றாம் ஞாயிறு. சாமியார் தடையைப் பற்றிய வரியை வாசித்து முடித்ததும் நான் எழுந்து நின்றேன். எழுந்த பிறகுதான் எழுந்துவிட்டேன் என்று தெரிந்தது. கோயில் முழுக்க அமைதி. என் மெஷினுக்குள் இரைச்சல் மட்டும்.

சாமியார் தாளைக் கீழே வைத்தார். "சார், ஏதாவது தடைங்களா? பூசை முடிஞ்சு உள்ள வந்து சொல்லலாமுங்க."

"இல்லீங்க சாமி. தடை இல்லீன்னு சொல்லத்தான் எந்திரிச்சேன்."

அவர் தாளை மறுபடி கையில் எடுத்தார். "தடை இருந்தாத்தானுங்க சார் சொல்லோணும். இல்லாட்டி சொல்ல வேண்டியதில்லீங்களே."

"தெரியுமுங்க. இருந்தாலும் சொல்லீறனுங்க. அந்தப் பொண்ணு என் மருமக. எனக்குத் தடை இல்லீங்க."

யாரோ சிரித்தார்கள். அக்கா என் ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்து, "உக்காரு தாசு, உக்காரு" என்றாள். முழங்கால் பூட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. கொஞ்ச நேரம் நின்றபடியே இருந்தேன். சாமியார் அடுத்த அறிவிப்பை வாசிக்கத் தொடங்கினார், வியாழக்கிழமை மறைக்கல்வி பற்றி.

திரும்பும்போது ஜீப்பில் பாதி வழி வந்த பிறகு அக்கா, "எனக்குந் தடையில்லடா. மனசு கேக்கல, அவ்வளவுதான்" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது பூச்சி தொங்கிக்கொண்டிருந்தது. முதுகு அப்போதுதான் பிளந்திருந்தது. பெட்டிமேல் ஈரத்துணியைப் போர்த்தினேன். இடுக்கியை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து, செருப்பையும் கழற்றாமல், வெயிலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன ஆனாலும் என்னால் ஆகப்போவது இல்லை என்று இருப்பது எனக்குப் பழக்கம்தான். ஆனாலும் நேற்று அது கடினமாக இருந்தது.

நீ பூச்சியல்ல என்று எழுதியிருந்தாய். ஒப்புக்கொள்கிறேன். பூச்சி தான் கழற்றியதைத் தானே தின்று தீர்த்துவிடும். மனிதரால் அது ஆகாது. எங்காவது வைத்திருக்க வேண்டியிருக்கிறது. ஆணியில் இருக்கும் சட்டையை நான் எடுக்கவில்லை. அது இங்கேயே இருக்கட்டும். நீ சுமந்துகொண்டு போக வேண்டாம். நான் வீட்டில்தானே இருக்கிறேன்.

கல்யாணத்துக்கு வருகிறேன். சேலத்திலிருந்து ரயிலுக்குப் பாலகுமார் டிக்கெட் எடுத்துவிட்டான். பெட்டியை அக்கா பார்த்துக்கொள்வாள். எப்போது இலை மாற்ற வேண்டும், எப்போது தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று சொன்னேன். "நொண்டிப் பூச்சிக்கு நான் ஆயாவா?" என்றாள். ஆனால் கொய்யா இலையா, காபி இலையா என்று இருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டாள். ரஞ்சித் என்னை எப்படிக் கூப்பிட்டாலும் சரி, கொஞ்சம் சத்தமாகக் கூப்பிடச் சொல்.

அந்தக் கால் வந்திருக்கிறது. மற்றவற்றில் பாதி நீளம்கூட இல்லை. மெலிந்து, லேசாக வளைந்து, நிறமும் சேராமல் இருக்கிறது. என் கணக்குச் சரிதான் என்று நினைக்கிறேன், இதுதான் கடைசி. இனி அது வளராது. இன்று காலை வெகுநேரம் பார்த்தேன். தரையை எட்டாத அந்தக் காலையும், மற்ற ஐந்தோடு முறை தவறாமல், தூக்கித் தூக்கி வைத்து நடக்கிறது.

அன்புடன்,
மாமா